நாலு விளக்குத் தூண்

அவருக்கு ஆய்வுக்கூடத்தில் மினுக்கு என்று பெயர். வைத்தவர் தரை துடைக்க வருகிற அம்மாள். இவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் உடனே திரும்புவார்.

முதலில் அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் ஆளும் புரியமாட்டார்.

நிற்கும்போது தள்ளாடுகிற வயதானவர்கள் எங்கள் கூடத்துக்கு வருவார்கள். நடுவே தரையோடு தரையாக ஓர் இரும்புப் பலகை. அதன்மேல் ஆளை நிறுத்துவோம். எதிர்ச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒன்றரை நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பேசக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. அதற்குள் எப்போதாவது பலகை ஒரு விரலளவு நகரும். விழாமல் இருக்க உடம்பு முதலில் எதை அசைக்கிறது, கணுக்காலையா, இடுப்பையா, கையையா என்பதைத்தான் பேராசிரியர் கண்டுபிடிக்கப் பார்த்தார். அவர் மூலையில் கணினி முன் உட்கார்ந்து பலகையை நகர்த்துவார். நான் ஆளின் இடுப்பில் அகலப் பட்டை கட்டி, பின்னால் நின்று, பட்டைக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்திருப்பேன். முதியோர் பராமரிப்பில் பயிற்சி எடுத்து முப்பது வருடம் அதையே செய்தவள். விழுகிற ஆளை விழுவதற்கு முன்பே தெரியும்.

நான்கு கேமராக்கள். முன்னால் ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று, பாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் கையால்தான் ஓடவிட வேண்டும். அதனால் நான்கும் ஒரே நொடியில் தொடங்காது. ஒன்று மூன்று நொடி முந்தும், இன்னொன்று ஐந்து நொடி பிந்தும். அப்படியே பார்த்தால் ஒன்றில் ஆள் தடுமாறி முடித்திருப்பார், மற்றொன்றில் இன்னும் நிமிர்ந்து நிற்பார். ஒலியை வைத்தும் சேர்க்க முடியாது. வருகிறவர்கள் பேசுவது பதிவாகக் கூடாது என்று விதி. எல்லாமே ஊமைப் படம்.

இதற்குத்தான் மினுக்கு ஒரு தூண் செய்து வைத்திருந்தார். பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட பிளாஸ்டிக் குழாய். தலையில் மூன்று சிவப்பு விளக்கு, ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி. அடியில் பாதக் கேமராவுக்காக ஒன்று. நான்குக்கும் ஒரே ஸ்விட்ச். பலகைக்குப் பின்னால் வலது ஓரமாகத் தூண் நிற்கும். நான்கு கேமராவும் ஓடத் தொடங்கியதும் அவர் வந்து, தூணுக்குப் பின்னால் நின்று, எந்த விளக்கையும் மறைக்காமல் ஸ்விட்சை ஒரு தடவை அழுத்துவார். நான்கு படத்திலும் ஒரே கணத்தில் விளக்கு எரியும்.

அதன் பிறகு அவருடைய நிஜ வேலை. ஜன்னல் இல்லாத ஒரு பக்கத்து அறை. ஒரு நொடிக்கு முப்பது படம். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்ப்பார். விளக்கு இல்லை, இல்லை, இல்லை, இருக்கிறது. அந்தப் படம்தான் பூஜ்யம். நான்கு பூஜ்யத்தையும் ஒரே கோட்டில் நிறுத்துவார். ஒரு படம் தவறினால்கூட, தரை நகர்வதற்கு முன்பே ஆள் கையை வீசியது போல ஆகிவிடும். ஒன்பது வருடத்தில் அவர் ஒரு படமும் தவறவிட்டதில்லை.

முன்பு தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தார். ஒரு தடவை காய்ச்சல் என்று மூன்று நாள் வராதபோது நான் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர். எனக்குத் தண்ணீர் கொடுக்கத் தம்ளரைக் கழுவிவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு தம்ளர் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாங்கினாரா தெரியாது.

கூடத்துக்கு வந்த நூற்றுச் சொச்சம் பேரையும் அவருக்கு நடையும் நிலையுமாகத் தெரியும். பதிவில் அவர்களுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். அவர்களுக்கு அவரைத் தெரியாது. ஒரு நாள் பஸ்ஸில் ஒரு அம்மாளைப் பார்த்து, "இப்ப இடது குதிகால் பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பேசாம நாப்பத்தோராம் நம்பர்னு கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கூப்பிட்டா மட்டும் திரும்புவாங்களா அக்கா? அந்த நம்பர் எனக்குத்தானே தெரியும்." பிறகு, "உங்க விஷயமும் எனக்குத் தெரியும். நேத்துப் பதிவுல நீங்க ரெண்டு தடவை கொட்டாவி விட்டிருக்கீங்க" என்றார்.

ஆட்களோடு அவர் பேசுவது விளக்கை அழுத்த வரும்போதுதான். நிற்கிறவரிடம் சொல்வார்: "இப்ப ஒரு விளக்கு எரியும். பயப்படாதீங்க." சிலர் சரி என்பார்கள். சிலர் நீங்க டாக்டரா என்பார்கள். ஒரு தாத்தா வரும்போதெல்லாம் பெண் பார்த்து வைக்கிறேன் என்பார். ஐந்து நிமிடம். அதோடு அறைக்குள் போனால் அடுத்த ஆள் வரும்வரை கதவு திறக்காது.

அந்த வருடம் ஆரம்பத்தில் ஒரு நாள் காலை, வருகையாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, பத்து மணி ஆளுக்கு விளக்கை நீங்களே அழுத்திடுங்களேன். முட்டி வலிக்குது."

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்ததைப் பத்து நிமிடம் முன்புதான் பார்த்திருந்தேன். பொய்யென்று தெரிந்தது. ஆனால் அழுத்துவதில் எனக்கு என்ன கஷ்டம்? சரி என்றேன்.

பத்து மணி ஆளுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. மனைவி கைபிடித்துக் கூட்டி வந்தார். கைநடுக்கமும் உடல் இறுக்கமும் உள்ள நோய், மெதுவாக ஆளை மரமாக்கும். அப்போது அவர் ஓரளவு நன்றாகவே நின்றார். பட்டையிலிருந்து கையை எடுத்து, தூணுக்குப் பின்னால் போய் அழுத்திவிட்டு, இரண்டு நொடியில் திரும்ப வந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு தடவை வர வேண்டும் என்று ஏற்பாடு.

இரண்டாம் தடவை வந்தபோது மூன்று மாதத்தில் மூன்று வருடம் ஆனவர் போல இருந்தார். முட்டி மடங்கி, பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தார். மினுக்குவுக்கு அன்றும் முட்டி வலி. நான் என்ன செய்ய? சாய்கிற ஆளை விட்டுவிட்டு ஸ்விட்சுக்குப் போக எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி எட்டி அழுத்தினேன். பதிவும் முடிந்தது, ஆளும் விழவில்லை. நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பேராசிரியர் கூப்பிட்டார்.

"இடப்பக்கக் கேமராவுல விளக்கே தெரியலையாமே?"

நான் எட்டியபோது என் உடம்பு அந்தப் பக்க விளக்கை முழுசாக மறைத்துவிட்டது. ஒரு கேமரா மற்ற மூன்றோடு சேராது. பதிவு பாழ்.

"அடுத்த வாரம் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம். அதுவும் சரியா வரலைன்னா அவரைப் பட்டியல்லேருந்து எடுத்துடறேன். பாவம், அவரையும் அலைய வைக்கக் கூடாது" என்றார்.

மினுக்குவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் தட்டியது கேட்கவில்லை போலிருக்கிறது. திரையில் முன்பக்கக் கேமராவின் படம். எப்போதும் விளக்கு இருக்கிற மூலையைத்தான் பெரிதாக்கி வைத்திருப்பார். அன்று பெரிதாக்கியிருந்தது அந்த ஆளின் முகம். அசையாத படம். பக்கத்தில் இவருடைய முகம், திரை வெளிச்சத்தில். மேல்நுனி மடங்கிய காது இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தது.

"யாரு, அண்ணனா?"

அவர் படத்தை அணைக்கப் பார்த்து, முடியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமாக்கா."

"எத்தனை வருஷமாப் பேச்சு இல்லை?"

"பதினொண்ணு."

சொன்னார். அம்மா நான்கு வருடம் படுக்கையில் இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டது அண்ணனும் அண்ணியும். இவர் பண்டிகை விடுமுறை என்று போய், அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டு வருவார். அம்மா இறந்த செய்தி போனபோது ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார். எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருக்க, அண்ணன் எழுந்து, "விருந்தாளி வந்திருக்காரு, உக்கார நாற்காலி போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் வாசலோடு திரும்பிவிட்டார்.

ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான்கு வருடம் படுக்கையில் கிடந்தவரைத் திருப்பிப் போட்டுத் துடைத்தவர்கள் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அதையும் சொன்னேன்.

"தப்புன்னு நானும் சொல்லலையே" என்றார். "இங்க வருவாருன்னு தெரியாது. பட்டியல்ல பேரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அக்கா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போவாரு. நான் உள்ளேருந்து பார்த்துக்குவேன். அது போதும்னு இருந்தேன்."

"அடுத்த வாரம் சரியா வரலைன்னா அதுவும் கிடையாது. பேராசிரியர் மேடம் எடுத்துடுவாங்க."

"தெரியும்."

"அவரு நிக்கிற லட்சணத்துக்கு எனக்கு ரெண்டு கையும் அவர்மேல வேணும். விளக்கை நீங்கதான் அழுத்தணும்."

"நீளமா ஒரு வயர் இழுத்துடறேன். இந்த ரூமுக்குள்ளேருந்தே அழுத்திக்கலாம்."

"இழுங்க. பத்து நிமிஷ வேலை. ஒன்பது வருஷமா ஏன் இழுக்கலை?"

எனக்குப் பதில் தெரியும். வயர் இழுத்துவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் போய்விடும். சரி என்றோ, நீங்க டாக்டரா என்றோ அவரிடம் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதற்கு மேல் நான் கிளறவில்லை. வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த வாரம் அந்த நாள் காலை வந்து பார்த்தால், தூணிலிருந்து அவருடைய கதவு வரை சுவரோரமாக வெள்ளை வயர், டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல், நேர்த்தியாக. தூணிலிருந்த பழைய ஸ்விட்சும் அப்படியே இருந்தது. போகட்டும், எல்லோருக்கும் எல்லாத் தைரியமும் வராது என்று நினைத்துக்கொண்டு பட்டையை எடுத்தேன்.

அண்ணன் பலகையில் ஏறவே இரண்டு நிமிடம் ஆனது. அண்ணி வெளியே நடையில் உட்கார்ந்திருந்தார். புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பேராசிரியர் நான்கு கேமராவையும் ஓடவிட்டார். தயார் என்று நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கதவிடுக்கில் அதைப் பார்த்து, இனி உள்ளே அவர் அழுத்த வேண்டும்.

விளக்கு எரியவில்லை.

இன்னொரு தடவை கையைத் தூக்கினேன். எரியவில்லை. பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். என் கையில் பட்டை பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. வயரில் கோளாறா, ஆளில் கோளாறா என்று நான் யோசிக்கும்போது கதவு திறந்தது. நடந்து வந்தார். முட்டி நன்றாகத்தான் இருந்தது. வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்பது வருடமாக எல்லோரிடமும் சொன்னதையே சொன்னார்.

"இப்ப ஒரு விளக்கு எரியும். பயப்படாதீங்க."

அண்ணன் தலையைத் திருப்பிவிட்டார்.

"புள்ளியைப் பாருங்க சார்" என்றேன். கேட்கிறவராக இல்லை. அந்த நோய்க்காரர்கள் அவ்வளவு வேகமாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. முழு உடம்பும் சேர்ந்து திரும்ப, நான் இரண்டு கையாலும் தாங்கினேன்.

"எனக்கென்னடா பயம்?" என்றார். குரல் காற்றாக வந்தது. "நீ இங்கேதான் இருக்கியா?"

"ஒன்பது வருஷமா."

"போன வாரம் நான் வந்தப்போ?"

"உள்ளே இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி வந்தப்போ?"

"உள்ளேதான்."

அண்ணன் அவரையே பார்த்தார். அந்த நோயில் முகத்தில் எதுவும் தெரியாது. கோபமா, அழுகையா, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "சரி, அழுத்து. கால் வலிக்குது" என்று புள்ளியைப் பார்க்கத் திரும்பினார்.

அழுத்தினார். விளக்கு எரிந்தது. பத்து நொடிகூட ஆகவில்லை, அண்ணன் மறுபடி திரும்பினார். தலை திரும்பினால் பதிவு செல்லாது. நிறுத்தி, மறுபடி கேமராவை ஓடவிட்டு, மறுபடி விளக்கு. மறுபடி திரும்பினார். மூன்றாவது தடவை நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"சார், தம்பி எங்கேயும் ஓடிட மாட்டாரு. ஒன்றரை நிமிஷம் அந்தப் புள்ளியைப் பாருங்க."

"ஓடுவான்மா. உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார், ஆள் நிற்கிறாரா என்று.

பேராசிரியர் எழுந்து, போதும் என்றார். குரலில் கோபமில்லை. படிவத்தில் ஏதோ குறித்தார். கவனம் நிலைக்கவில்லை, நீக்கப்பட்டது என்று எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோனோம். அண்ணி மினுக்குவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, எங்க வீட்டுக்கு வழி மறந்து போச்சா, இல்ல நடக்கவே மறந்து போச்சா?"

"அண்ணி..."

"அண்ணியாவது நொண்ணியாவது. உங்க அம்மா கடைசி நாள்ல உங்க பேரைச் சொல்லித்தான் கஞ்சி குடிச்சாங்க. சின்னவன் வர்றான், குடிங்கன்னு நான் ஏமாத்தி ஏமாத்திக் குடுத்தேன். தெரியுமா உங்களுக்கு?"

அண்ணி பையிலிருந்து துண்டை எடுத்துக் கணவரின் வாயோரத்தைத் துடைத்தார். வண்டி வந்தது. ஏற்றினோம். வண்டி போய்விட்டது.

அதன் பிறகு மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. இனி அண்ணன் கூடத்துக்கு வரமாட்டார். திரையில் பார்க்கிறதும் இல்லை. பார்க்க வேண்டுமானால் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இவர் தினமும் வந்தார், விளக்கை அழுத்தினார், பயப்படாதீங்க என்றார், உள்ளே போனார். அந்த வயரைச் சுருட்டி எங்கோ வைத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரியும்.

நான் ஒரு தடவை போய் நின்றேன்.

"ஒரே ஒரு தடவை சொல்றேன், அப்புறம் சொல்லமாட்டேன். உங்க அண்ணன் மாதிரி நூறு பேரைப் பார்த்தவ நான். முதல்ல பேச்சு குறையும். இப்பவே காத்தாத்தான் வருது. பிடிச்சிக்கிட்டு நடக்கிறது இன்னும் ஆறு மாசம். அதுக்கப்புறம் படுக்கை."

"படுக்கை எத்தனை நாள்?"

"அது நல்லாப் பார்த்துக்கிட்டா நீளும். பார்த்துக்கிறவங்களுக்கும் வயசாகுது, அதையும் யோசிங்க. உங்க அண்ணி முதுகைப் பார்த்தீங்களா? நிமிர முடியலை அவங்களால."

"கதவைத் திறந்து, எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"அது எனக்குத் தெரியாது. நான் பராமரிப்புதான் படிச்சேன்."

அவர் சிரித்தது போல இருந்தது. அல்லது மூக்கை உறிஞ்சினாரோ என்னவோ.

அடுத்த திங்கட்கிழமை நான் பட்டைகளைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். சட்டைக் கையில் ஏதோ கஞ்சி சிந்திக் காய்ந்திருந்தது.

"அக்கா, ஆளை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா எந்தப் பக்கம் நிக்கணும்? நேத்து நான் முன்னாடி நின்னு ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்தேன். அண்ணி திட்டினாங்க."

"நாலு பக்கமும் ஒன்பது வருஷம் பார்த்தவரு என்னைக் கேக்குறீங்களா?"

"அதுல நீங்கதானே பிடிச்சிருப்பீங்க."

உலர்ந்திருந்த ஒரு பட்டையை எடுத்து அவர் இடுப்பிலேயே கட்டினேன். ஒன்பது வருடத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. திடுக்கிட்டு, பிறகு அசையாமல் நின்றார்.

"எந்தக் கால் இழுக்குதோ அந்தப் பக்கம். அரை அடி பின்னாடி. ஒரு கை பட்டையில, இன்னொரு கை மார்புக்கு முன்னாடி, படாம. இழுக்காதீங்க. அவர் காலை எடுத்து வைக்கிற வரைக்கும் நீங்களும் நில்லுங்க."

"எடுத்து வைக்கவே இல்லைன்னா?"

"நில்லுங்கன்னு சொன்னேனே."